எங்கிருந்தோ வந்தவர்கள்

உட்காருங்கள் தம்பி, உட்காருங்கள். இடம் இருக்கிறது. ஜன்னலோரம் மட்டும் எனக்கு வேண்டும், அதைக் கேட்காதீர்கள். கண்டக்டர் ஆறுமுகக்கனிக்குத் தெரியும், முன் கண்ணாடியை ஒட்டின இந்த இடது ஓரம் என் இடம். சுரண்டையில் ஏறினால் திருநெல்வேலி வரைக்கும் ஒருத்தருக்கும் விடமாட்டேன்.

கையில் இருப்பது கண்ணாஸ்பத்திரி ஃபைல்தானே? நீல அட்டை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். உங்களை அவர்கள் அனுப்பவில்லையே?

"இடது, மாடு."

உங்களிடம் இல்லை. டிரைவரிடம் சொன்னேன். நீங்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் புரையா. ஆபரேஷனுக்குத் தேதி கேட்கப் போகிறீர்கள். சரி. ஃபைலைக் கொஞ்சம் திருப்புங்கள், பெயரைப் பார்க்கிறேன். சரிதான், பொம்பளைப் பெயர்தான். தப்பாக நினைக்காதீர்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எதிரே வருகிறவன் குடித்திருக்கிறான், பக்கத்தில் போகிறவன் தூங்குகிறான், நிற்கிற கார்க்காரன் கதவைத் திறக்கப் போகிறான் என்று நினைத்தே ஓட்டினேன். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் புத்தி இறங்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களே, புரை என்றால் பயமில்லை. எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மாடிக்கு மட்டும் போகச் சொன்னால் போகாதீர்கள். மாடியில் கடைசி அறை. கதவில் கறுப்புத் துணி தொங்கும். அங்கே என்னை இரண்டு தடவை உட்கார வைத்தார்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன், டிரைவர் காதில் விழ வேண்டாம்.

என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் சுவரில் அட்டையை மாட்டி வாசிக்கச் சொல்வார்கள். கடைசி வரி, கொசு மாதிரி எழுத்து, அதைக்கூட வாசித்துவிடுவேன். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. இப்போதும் அதோ முன்னால் போகிற லாரியின் நம்பரைச் சொல்லட்டுமா? பின்னால் எழுதியிருக்கிற மகள் பெயரைச் சொல்லட்டுமா? அப்படிப்பட்ட கண்.

ஆனால் எனக்கு ஒரு ராசி உண்டு. எல்லோரும் எங்கிருந்தோ வருவார்கள். ரோட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது, திடீரென்று ஒருத்தன் பம்பருக்கு முன்னால் நிற்பான். பால்காரன் மாசாணம் அப்படித்தான் வந்தான். பாவூர்சத்திரம் தாண்டி, விடிந்து வெயில் வந்த பிறகு. இடது பக்கத்திலிருந்து, கேன் கட்டிய சைக்கிளோடு, எங்கிருந்தோ வந்தான். கால் போய்விட்டது. போய்விட்டது என்றால் இருக்கிறது, மடங்காது. விசாரணையில், "உமக்குக் கண்ணு தெரியுமாய்யா" என்று கேட்டார்கள். அட்டையை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி. அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்? மாசாணம்தான் கவனமில்லாமல் வந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். அவன் ஏன் அன்றைக்கு அவ்வளவு நெருங்கி வந்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவன் மச்சான் எங்கள் முதலாளிக்கு ஆகாதவன். சரி, அது வேறு கதை.

என் வீட்டுக்காரி செண்பகவடிவு, அவளும் அப்படித்தான். பூனை மாதிரி வருவாள். பக்கத்தில் வந்து நின்றிருப்பாள், நான் திரும்பி அவள்மேல் மோதுவேன். "எவ்வளவு நேரமா நிக்கேன், கண்ணு தெரியலையா" என்பாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இடது கைப் பக்கமாக வைப்பாள். தட்டிவிடுவேன். மறுநாளும் அங்கேயே வைப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று ஒரு வருஷம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவள் வலது பக்கம் வைக்க ஆரம்பித்தாள். அதையும் தட்டினேன். கடைசியில் நேராகக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

"ஸ்பீடு பிரேக்கர் வருது."

அவனுக்குத் தெரியும். சொல்லிவைத்தால் நல்லது.

ஊரில் கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். பேப்பர் படிக்கக் கண்ணாடி தருகிறார்கள் என்று போனேன். டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று டிரைவருக்குத் தெரியாதா? அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். திருநெல்வேலிக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். போனேன். கண்ணுக்குள் எதையெதையோ போட்டுப் பார்த்துவிட்டு, ஓரத்துப் பார்வை ஒடுங்கிக்கொண்டே வருகிறது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். நான் அட்டையை வாசித்துக் காட்டினேன். "அட்டை நடுவுல இருக்குய்யா, அதனால வாசிக்கீங்க" என்றார் அந்த டாக்டர். அட்டையை நடுவில் வைக்காமல் வேறு எங்கே வைப்பார்கள்?

அதற்குப் பிறகுதான் மாடி. ஆராய்ச்சிக்கு உதவி செய்யுங்கள், இந்த மாதிரிக் கண்களைப் படம் எடுக்கிறோம் என்றார்கள். படம் எடுக்கிறது பெனிட்டா என்று ஒரு பெண். டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். பாளையங்கோட்டைக்காரி. நல்ல மரியாதையாகப் பேசுவாள். அதனாலேயே உஷாரானேன்.

முதல் வேலையாக என்ன செய்தாள் தெரியுமா? என் பல்லை அச்சு எடுத்தாள். மெழுகு மாதிரி ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒரு தகட்டில் அப்பி, கடிக்கச் சொன்னாள். கண்ணைப் படம் எடுக்க எதற்குப் பல்? செத்தவனைப் பல்லை வைத்துத்தான் போலீஸ் அடையாளம் கண்டுபிடிக்கும் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். கேட்டேன். தலை ஒரு மயிரிழை ஆடினால்கூட அவ்வளவு நுணுக்கமான படம் கலங்கிவிடுமாம், அதனால் அச்சைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டுமாம். பதில் டக்கென்று வந்தது. தயாராக வைத்திருந்தாள்.

உள்ளே பெரிய மேஜை. மேஜை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் விழுந்து, அங்கிருந்து வேறொன்றில் விழுந்து. சொட்டு மருந்து விட்டு, அச்சைக் கடிக்க வைத்து, தூரத்தில் ஒரு பச்சைச் சிலுவைக் குறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாள். சிவப்பாக ஒரு கோடு கண்ணுக்குள் இழைந்தது. வலியில்லை. ஆனால் தம்பி, ஒரு கேள்வி கிடையாது. என்ன தெரிகிறது, எந்த எழுத்து, மேலேயா கீழேயா, ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காமலே பார்த்துக்கொண்டு போகிறவனிடம் என்ன செய்ய முடியும்?

முடிந்த பிறகு அந்தக் கண்ணாடிகள் எதற்கு என்று கேட்டேன். அதில் ஒரு கண்ணாடி வளையுமாம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். எல்லோருடைய கண்ணிலும் கோணல் மாணல் இருக்கிறது, உள்ளே போய்த் திரும்பி வருகிற வெளிச்சம் அதில் நெளிந்துதான் வெளியே வரும். எப்படி நெளிகிறது என்று முதலில் அளக்கிறோம், பிறகு இந்தக் கண்ணாடி அதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்துகொள்ளும். நெளிவும் நெளிவும் கழிந்துபோகும். நொடிக்குப் பல தடவை மாறி மாறி வளையும். அப்புறம் கண்ணுக்குள்ளே ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரியும் என்றாள்.

நான் சிரித்தேன். கண்ணாடியைப் பற்றி என்னிடமா சொல்வது? பஸ்ஸின் பக்கக் கண்ணாடி வளைந்திருந்தால் பக்கத்தில் வருகிறவனைத் தூரத்தில் காட்டும். வளைந்த கண்ணாடி பொய் சொல்லும். "பாக்கிறவன் விருப்பத்துக்கு வளையுற கண்ணாடி எப்படிம்மா சாட்சி சொல்லும்?" என்றேன்.

"ஐயா, வேற டிரைவர் ஓட்டின வண்டிய நீங்க காலையில எடுத்தா முதல்ல என்ன செய்வீங்க?" என்றாள்.

"பக்கக் கண்ணாடிய எனக்குத் தக்கபடி திருப்பிக்கிடுவேன்."

"அதான் ஐயா இது. உங்க கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கிடுது."

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

திரையில் படத்தைக் காட்டினாள். முதலில் தோசை மாவு மாதிரி ஒரே சாம்பல் நிறக் குழப்பம். "இது கண்ணாடி வளையுறதுக்கு முன்னால." ஒரு பொத்தானை அமுக்கினாள். ஆத்தாடி. மாவு போய், கம்பங்கதிரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாதிரி மணி மணியாகப் புள்ளிகள். நெருக்க நெருக்கமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. ஒவ்வொரு புள்ளியும் பார்க்கிற ஒரு செல் என்றாள். நடுவில்தான் அப்படி. ஓரத்துக்குப் போகப் போகக் குருவி கொத்தின கதிர் மாதிரி இருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் வெறும் சக்கை.

நான் நம்பவில்லை. யாருடைய கண்ணோ. எல்லோருக்கும் ஒரே படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். படம் எடுக்கும்போதே இன்னொரு தடவை காட்டு என்றேன். திரையை அந்தப் பச்சைக் குறிக்குப் பக்கத்திலேயே திருப்பி வைத்து மறுபடியும் எடுத்தாள். அச்சைக் கடித்துக்கொண்டு, மற்றக் கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டு, படம் எடுக்கிற கண்ணை மட்டும் வேண்டுமென்றே மூடினேன். திரை இருண்டது. பச்சைக் குறியை விட்டுவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன். படமும் நகர்ந்தது. "ஐயா, அசைக்காதீங்க" என்றாள். அசைத்ததே அதற்குத்தானே.

சரி, என் கண்தான். ஆனால் குறைகிறது, ஒடுங்குகிறது என்பது? அது ஒரு படத்தில் தெரியாதே. மெலிந்தவன் எல்லாம் மெலிந்துகொண்டே வருகிறவனா? அதனால் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிந்து போனது, ஆலங்குளத்தில் ரோடு பிரிகிற மாதிரியே. அந்தக் கவட்டைக்குள் இருந்த புள்ளிகளை நானே எண்ணினேன். நாற்பத்தொன்று. யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் அது. எட்டு மாதம் கழித்து வாருங்கள் என்றாள். புரட்டாசியில் போனேன். அவள் கூப்பிட்டதற்காக அல்ல, அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க.

அதே அச்சு, அதே பச்சைக் குறி. திரையில் நான் அந்தக் கவட்டை ரோட்டைத் தேடினேன். இருந்தது. அதே வளைவு. இருபத்தாறு புள்ளி.

மறுபடியும் எண்ணினேன். இருபத்தாறு.

"இடது, ஆட்டோ நிக்குது. விலக்கிப் போ."

பிறகுதான் அவள் தன் வேலையைக் காட்டினாள். பிள்ளைகள் இருக்கிறார்களா ஐயா என்றாள். முதல் தடவை வந்தபோதே ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள், இல்லை என்று எழுதியிருந்தேன். மறுபடியும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, காபி கொடுத்துவிட்டு, மூன்றாம் தடவை கேட்டாள். எதற்கு என்றேன். இது குடும்பத்தில் இறங்குகிற வியாதி, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அட்டையை வாசிக்க முடிகிறவரைக்கும் அவர்களுக்கே தெரியாது, இந்த மெஷினில் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றாள். "தெரிஞ்சா மருந்து இருக்கா?" என்றேன். "இப்போதைக்கு இல்ல ஐயா. ஆனா தெரிஞ்சா, செய்யக் கூடாததச் செய்யாம இருக்கலாம்ல" என்றாள்.

பார்த்தீர்களா? செய்யக் கூடாதது. எதைச் சொல்கிறாள் என்று தெரிகிறதா?

அன்றைக்கு என் பல் அச்சைப் போட்டு வைக்கிற டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே பேர் இல்லை, 17-1 என்று ஒட்டியிருந்தது. பதினேழு புரிகிறது, பதினேழாவது ஆள். அந்த ஒன்று எதற்கு? கேட்டேன். "பதினேழுங்கிறது குடும்பம் ஐயா. அதுல நீங்க ஒண்ணு" என்றாள். அலமாரியில் என் டப்பாவை வைக்கிறபோது பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைக்க இடம் விட்டிருந்தது. காலியாக. நான் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் நான் போகவில்லை. போன் செய்தார்கள், எடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் ஃபைலைப் பார்த்ததும் கேட்டேன்.

குனிந்து வாருங்கள், காதோடு சொல்கிறேன். டிரைவர் என் மகன். இசக்கித்துரை. ஒரே பிள்ளை.

பயப்படாதீர்கள். நல்ல டிரைவர். என்னைப் போலவே அட்டையில் கடைசி வரி வாசிப்பான். லைசென்ஸ் சுத்தமாக இருக்கிறது. அவனுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் வேறு. ஆறு மணிக்கு மேல் உள்ள டிரிப்பை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். எதிர் லைட் கண்ணைக் கூசுகிறது என்பான். யாருக்குத்தான் கூசாது? போன வைகாசியில் ஸ்டாண்டில் திருப்பும்போது ஒரு தள்ளுவண்டியை இடித்துவிட்டான், கொய்யாப்பழம் எல்லாம் உருண்டுவிட்டது. அந்த வண்டிக்காரன் ஓரமாக நிற்கத் தெரியாதவன்.

புரட்டாசிக்குப் பிறகு நான் தினமும் அவனோடு வருகிறேன். காலையில் இரண்டு டிரிப்பு, மத்தியானம் இரண்டு. ரிட்டயர் ஆன டிரைவர், வீட்டில் இருக்க முடியவில்லை என்று ஆறுமுகக்கனி கிண்டல் செய்வான். "பெரியவரே, உங்களுக்குத் தனியா ஒரு ஸ்டியரிங் மாட்டித் தரச் சொல்லவா" என்பான். இருக்கட்டும். இடது பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் தினமும் வருகிறீர்கள் என்று இசக்கி கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவன் ஏன் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்க வேண்டியவன் கேட்காமல் இருந்தால்...

பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிபடவில்லையே? நெற்றியைக் காட்டுங்கள். கம்பியில் இடித்துவிட்டதா. உட்காருங்கள், நின்றுவிட்டது. வண்டி நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவுக்கும் ஒன்றும் இல்லை, அதோ எழுந்து நிற்கிறாள். புல்லுக்கட்டுதான் விழுந்திருக்கிறது. ஆறுமுகக்கனி இறங்கிவிட்டான், தூக்கி விடுகிறான்.

நல்லவேளை நீங்கள் கத்தினீர்கள். நீங்கள் கத்தின பிறகுதான் அவன் பிரேக்கை மிதித்தான். எங்கிருந்தோ வந்தாள் பாருங்கள். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை, எங்கிருந்தோ...

என்ன சொன்னீர்கள்?

எங்கிருந்து பார்த்தீர்கள்? அந்த மைல் கல்லிலிருந்தா. அங்கிருந்தே நடந்து வந்துகொண்டிருந்தாளா. தலையில் அவ்வளவு பெரிய கட்டோடு, மெதுவாக, இடது ஓரத்திலேயே. நான் சொல்வேன் என்று நினைத்துக் கடைசிவரை பேசாமல் இருந்தீர்கள். சரி. சரி தம்பி. அந்த மைல் கல் இங்கிருந்து எவ்வளவு தூரம் இருக்கும்? அவ்வளவு தூரமா.

நான் ஜன்னலை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி நின்றதும் இசக்கி திரும்பிப் பார்த்தானே, அப்போது என்ன சொன்னான் என்று உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்த அம்மாவை அவன் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான்.

"நீங்க பாக்கலியாப்பா?"

இத்தனை நாள் அவன் ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. என்னை நம்பி ஓட்டியிருக்கிறான். இடது பக்கத்துக்கு அப்பா இருக்கிறார் என்று. அப்படியென்றால் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது.

எழுந்திருங்கள், இடம் மாறிக்கொள்வோம். நீங்கள் ஜன்னலோரம் வாருங்கள். ஸ்டாண்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பார்த்துச் சொல்லிக்கொண்டே வாருங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், மாடு, சைக்கிள், ஆள், எதுவானாலும். அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். பழகிய குரல் இல்லையென்றாலும் கேட்டுக்கொள்வான்.

ஸ்டாண்டில் இறங்கியதும் வண்டியை வேறு டிரைவரை எடுக்கச் சொல்கிறேன். இசக்கிக்கு வயிற்று வலி என்று சொல்லிக்கொள்ளலாம். எட்டு மாதத்துக்கு மேல் ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன், இது சின்னது. அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு காபி வாங்கிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். நேர் எதிரே உட்கார்ந்தால் அவன் முகம் எனக்கு முழுசாகத் தெரியும். மாசாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறீர்கள். எங்களுக்கு முன்னாலேயே போய்விடுவீர்கள். ஓர் உதவி செய்யுங்கள். மாடியில் கடைசி அறை, கறுப்புத் துணி. பெனிட்டா என்று கேளுங்கள். பதினேழாம் நம்பர் குடும்பம் வருகிறது, பதினேழில் இரண்டையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று சொல்லுங்கள். அந்தக் காலி இடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள், மறந்துவிடாதீர்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய்க்குள் எதையாவது வைத்தால் குமட்டும். பல் விளக்கும்போதுகூடக் குமட்டுவான், அவன் அம்மா முதுகைத் தடவிக்கொண்டே நிற்பாள். அந்த மெழுகை நன்றாக இளக்கிக்கொண்டு மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். பின்னால் தள்ளாமல் வைக்கச் சொல்லுங்கள்.

என்ன அது, இடது பக்கம்? சொல்லுங்கள் தம்பி. சத்தமாகச் சொல்லுங்கள்.